அலுமாரிக்கு மேலே கிடக்கிற கசட்டுகளை எறிந்துவிடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஊரில் இப்போது பழைய வீடுகளை உடைத்து மாடி கட்டும் காலம். உடைக்கிற வீட்டிலிருந்து முதலில் வெளியே வருவது அலுமாரிக்கு மேலே கிடந்த சாமான்கள்தான். டேப் ரெக்கோடரைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போவார். சவூதியிலிருந்தோ குவைத்திலிருந்தோ வாப்பா கொண்டுவந்த கசட் பெட்டிக்கு விலை கிடையாது. அது குப்பைக்குப் போகும். இல்லாவிட்டால் நாடாவை உருவி எடுத்து வயலில் குருவி விரட்டக் கட்டுவார்கள். காற்றில் அது மினுங்கும், குருவி வராது. அந்த நாடாவில் யார் குரல் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தப் பெட்டியை எங்களிடம் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு. ஏன் கேட்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர் ஒவ்வொரு போயா தினத்திலும் அஸருக்குப் பிறகு ஒரு வீட்டில் கூடுகிறோம். பிளேன்டீயும் பட்டாணிக் கடலையும் வைத்துக்கொண்டு செவ்வியல் இசைப் பதிவுகளைக் கேட்கிறோம். பாட்டு ஓடும்போது கதைக்கக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது. முடிந்த பிறகு எவ்வளவும் கதைக்கலாம், சண்டையும் பிடிக்கலாம். எங்களில் ஒருவருக்கும் முறையான சங்கீதப் பயிற்சி இல்லை. நமது பாடசாலைகள் பலவற்றில் அழகியல் பாடம் என்றால் சித்திரம்தானே! இலங்கை வானொலியில் பழைய ஹிந்திப் பாட்டுக் கேட்ட வாப்பாமார்களின் பிள்ளைகள் நாங்கள். ‘முகல்-ஏ-ஆஸம்’ படத்தில் தான்சேனுக்காகப் பாடிய குரல் யாருடையது என்று தேடப் போய் உஸ்தாத் படே குலாம் அலி கானைப் பிடித்தோம். அதிலிருந்து வெளியே வர முடியவில்லை.

ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி வந்தது. இன்றும் வருகிறது. “சேர், இதெல்லாம் நமக்கு எதற்கு? இது அவங்கட இசைதானே?”

இசை கேட்பது கூடுமா கூடாதா என்ற விடயத்தில் நாங்கள் வாய் திறக்கப்போவதில்லை. அது உலமாக்களின் வேலை. அதில் பேணுதலாக இருப்பவர்களை நாங்கள் மதிக்கிறோம், கூட்டத்துக்கு வரும்படி வற்புறுத்தியதும் இல்லை. ஆனால் “அவங்கட இசை” என்று சொல்வது மார்க்கம் பற்றிய பேச்சல்ல, வரலாறு பற்றிய பேச்சு. அந்த வரலாறு பிழை.

ஷேக் சின்ன மௌலானாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திராவில் கரவதி என்ற ஊரில் 1924இல் பிறந்தவர். பரம்பரை பரம்பரையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பம். தஞ்சாவூர்ப் பாணியைப் படிப்பதற்காக நாச்சியார்கோவில் வித்துவான்களிடம் வந்து பயின்றார். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியிருந்தார். 1998இல் சென்னை மியூசிக் அகடமி அவருக்கு சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. அடுத்த வருடம் மௌத்தானார். நமது பிள்ளைகளுக்கு நாதஸ்வரம் என்றால் பக்கத்து ஊர்க் கோயில் மேளம் மட்டும்தான். அதை உச்சத்தில் வைத்து ஊதியவர்களில் ஒருவர் ஐந்து வேளை தொழுத மனிதர் என்று சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள்.

உஸ்தாத் அப்துல் கரீம் கான் வடக்கே கிரானா பாணியின் பெரிய தூண். மைசூர் அரண்மனைக்கு வந்துபோய்த் தென்னாட்டுச் சங்கீதத்தை ஆசையோடு கேட்டுப் பழகினார். தியாகராஜரின் கரஹரப்பிரியா கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டிலும் பாடினார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும் அந்தக் காலத் தட்டு அது. உச்சரிப்பு நமக்குச் சிரிப்பாக இருக்கும், சுரம் சிரிக்க விடாது. 1937இல் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலில் போகும்போது நெஞ்சுவலி வந்து சிங்கப்பெருமாள்கோயில் ஸ்டேஷனில் இறங்கினார். அந்த மேடையிலேயே உயிர் பிரிந்தது. மீரஜில் அடக்கம்.

இந்தியக் குரல்கள் இசைத்தட்டில் ஏறத் தொடங்கிய 1902ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் பாடிப் பதிந்தவர் கௌஹர் ஜான். அவரும் நம்மவர்தான். பாடி முடிந்ததும் தட்டின் கடைசியில் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் சொல்லுவார். உஸ்தாத் பிஸ்மில்லா கானைப் பற்றி நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. அமீர் கானின் இசைத்தட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல். ஒரு பக்கம் மார்வா, மறுபக்கம் தர்பாரி. மார்வா சூரியன் மறையும் நேரத்துக்குரிய ராகம். அதைக் கேட்டு முடித்து மஃரிபுக்குப் பள்ளிக்கு நடந்த ஒரு நாள், எங்களில் ஒருவரும் வழியில் பேசவில்லை.

சரி. “இதெல்லாம் யூடியூப்பில் இருக்கிறதே, எதற்குச் சேர்க்க வேண்டும்?” என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறது. இன்றைக்கு இருக்கிறது. போட்டவர் எடுத்துவிட்டால் நாளைக்கு இல்லை. பல பதிவுகளில் ராகத்தின் பெயர் பிழை, பாடியவர் பெயரே பிழை, ஆலாபனையின் நடுவில் வெட்டியிருப்பார்கள். அமீர் கானுக்கு நடுவில் சவர்க்கார விளம்பரம் வேறு. அதைச் சேகரிப்பு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அமீர் கானை நாங்கள் காப்பாற்றத் தேவையில்லை. கம்பனிகள் வைத்திருக்கின்றன, எங்களைவிடப் பெரிய பைத்தியங்கள் உலகமெல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பிரதியாக இருப்பது உங்கள் அலுமாரிக்கு மேலேதான்.

கந்தூரியில் பதிந்த கஸீதா, றபான் அடித்துப் பாடிய பக்கீர் பைத், பொல்லடிக்குப் பாடிய அண்ணாவியாரின் குரல், புர்தா ஓதிய மஜ்லிஸ், மூத்தம்மா தொட்டிலாட்டிப் பாடிய தாலாட்டு. எங்களிடம் இதுவரை சேர்ந்த 214 கசட்டில் 60க்கு மேல் இப்படியானவை. கடையில் விற்றவை அல்ல, வீட்டில் பதிந்தவை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சனங்கள் கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்து வந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் நமது கரையோர வீடுகளுக்குள் வந்துபோனது. இரண்டிலும் எத்தனை குரல் போனது என்று கணக்குப் பார்க்க யாரிடமும் பட்டியல் இல்லை. மிஞ்சியதை இப்போது நாங்களே வீடு கட்டுவதற்காக எறிகிறோம்.

பெரிய வித்துவான்களைக் கேட்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். காது பழகுவதுதான் தொடர்பு. போன வருடம் ஒரு பழைய கஸீதாக் கசட்டை ஓடவிட்டோம். கூட்டத்துக்கு வரும் பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி, “சேர், இது அன்றைக்கு நாதஸ்வரத்தில் கேட்ட மோகனம் மாதிரி இருக்கே?” என்றாள். பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைச் சங்கீத ரீச்சரிடம் அனுப்பினோம். மோகனமேதான். அந்தக் கஸீதாவைப் பாடிய மனிதர் மீன் வியாபாரி. ராகத்தின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, ஐந்து சுரத்தை விட்டு ஓரிடத்திலும் விலகவில்லை. அந்தப் பிள்ளைக்கு அது வெறும் பழைய இரைச்சலாகக் கேட்டிருந்தால் கசட் வயலுக்குத்தான் போயிருக்கும்.

(அந்த ரீச்சர் இப்போது மாதாமாதம் வருகிறார். எங்களைவிட நேரத்துக்கு வருகிறார். கஸீதாக்களை எழுதி எழுதி ராகம் குறித்து வைத்திருப்பவரும் அவர்தான்.)

கசட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். ஆசையில் உடனே போட்டுப் பார்க்காதீர்கள். நாடாவில் வெள்ளைத் தூள் மாதிரி ஏதும் தெரிந்தால் அது பூஞ்சணம். ஓடவிட்டால் கருவியின் தலையிலும் ஒட்டும், அடுத்த கசட்டுக்கும் போகும். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கம்பளித் துண்டு கழன்று விழுந்திருந்தால் சத்தம் மங்கிக் கேட்கும். கசட் கெட்டுவிட்டது என்று அதை எறியாதீர்கள், வேறு கூட்டுக்குள் நாடாவை மாற்றலாம். கசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு தவறியும் அதன் மேல் வேறு பதிய முடியாது. வெயில்படும் ஜன்னலோரமும் ஸ்பீக்கருக்குப் பக்கமும் வேண்டாம்.

90 நிமிடக் கசட்டைக் கணினிக்கு மாற்ற 90 நிமிடம் எடுக்கும், குறுக்கு வழி இல்லை. சுருக்காத ஃபைலாக வைத்தால் ஒன்று கிட்டத்தட்ட 950 எம்.பி. வரும். எம்.பி.3 ஆக்கினால் இடம் மிச்சம், ஆனால் போனது திரும்பி வராது. ஆகவே மூலத்தைப் பெரிதாகவே வைக்கிறோம், வட்ஸ்அப்பில் அனுப்பச் சின்னதாக ஒன்று எடுக்கிறோம். இரண்டு ஹாட் டிஸ்க், இரண்டும் இரண்டு ஊரில். இரைச்சலைத் துப்புரவாக்கித் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். மூலத்தில் கை வைக்க மாட்டோம். ஒரு கஸீதாவின் பின்னால் காகம் கத்துகிறது, பிறகு அஸர் பாங்கு கேட்கிறது. அது எந்த நேரத்தில் பதிந்தது என்பதற்கு அந்தப் பாங்கைத் தவிர வேறு சாட்சி இல்லை.

எல்லாவற்றிலும் கஷ்டமானது பெயர்தான். “நல்ல பாட்டு - 3” என்று எழுதிய கசட் எங்களிடம் ஏழு இருக்கிறது. யாருக்கு நல்லது, 1உம் 2உம் எங்கே? பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருடம், யார் வீட்டில் பதிந்தது என்று ஒரு துண்டில் எழுதித் தாருங்கள். தெரியாவிட்டால் தெரிந்த மூத்தவர்களிடம் இந்தக் கிழமையே கேளுங்கள். கசட் இன்னும் பத்து வருடம் தாக்குப் பிடிக்கலாம், அந்தக் குரலை அடையாளம் காணக்கூடிய மனிதரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பெண்களின் குரல் இருக்கும் கசட்டுகள் பற்றிப் பலர் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானது. தாலாட்டுப் பாடிய உம்மாவோ மூத்தம்மாவோ ஊர் கேட்கும் என்று நினைத்துப் பாடவில்லை. அந்த வீட்டார் என்ன எல்லை சொல்கிறார்களோ அந்த எல்லைக்குள்தான் நாங்கள் நிற்போம். வீட்டுக்குள் மட்டும் என்றால் மாற்றிப் பென் டிரைவில் போட்டு அவர்களிடமே கொடுத்துவிடுவோம், எங்களிடம் பிரதியே வைக்க மாட்டோம். இதுவரை 11 வீட்டுக்கு அப்படிச் செய்திருக்கிறோம். ஒரு காக்கா அதை வாங்கிக்கொண்டு போய் மூன்று நாள் கழித்து வந்தார். “உம்மாட குரல பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்க, ஆனால் வெளியே வேண்டாம்” என்றார். அது அப்படியே பூட்டி இருக்கிறது.

காசு வேண்டாம். பழைய டேப் ரெக்கோடர் ஓடுகிற நிலையில் இருந்தால் அது வேண்டும், எங்களிடம் இருக்கும் இரண்டில் ஒன்று இழுத்து இழுத்துப் பாடுகிறது. கசட்டுகளை மாற்றிய பிறகு திருப்பித் தருவோம்.

மாரி தொடங்கினால் ஈரம் நாடாவுக்குள் இறங்கிவிடும். அதற்கு முன்னர் எடுத்து வையுங்கள். ஷொப்பிங் பேக்கில் இறுக்கிக் கட்ட வேண்டாம், மட்டைப் பெட்டி போதும். இன்பொக்ஸில் ஒரு செய்தி போட்டால் எங்களில் யாராவது ஒருவர் சைக்கிளில் வந்து எடுத்துக்கொள்வோம்.