பெங்குவின் இப்போ கேம் ஆடுது!

"லினக்ஸா? அது லேப் எக்ஸாமுக்குத்தானே பாஸ்?" என்று கேட்கிற கட்சியா நீங்க? கறுப்பு ஸ்கிரீன், நாலு கமாண்ட், அவுட்புட் வந்ததும் ரூமுக்கு ஓடிப்போய் விண்டோஸ்ல கேம்... இதுதானே வழக்கம்? அந்த வழக்கத்துக்கு வேட்டு வைத்திருக்கிறது, கையில் பிடித்து ஆடுகிற ஒரு குட்டி கம்ப்யூட்டர்.

பெயர் ஸ்டீம் டெக். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் இறக்கியது. 7 இன்ச் திரை, ரெண்டு பக்கமும் பட்டன்கள். உள்ளே ஓடுவது ஸ்டீம் ஓ.எஸ். அதைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க... ஆர்ச் லினக்ஸ்! ஆடுகிற பலருக்கு இது தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்லை. மேட்டரே அங்கேதான் இருக்கு.

வால்வ் இதற்கு முன்பே ஒரு தடவை சூடுபட்ட பார்ட்டி. 2012-ல் விண்டோஸ் 8-க்குள் மைக்ரோசாஃப்ட் சொந்த ஆப் கடையைத் திறந்ததும், கேம் விற்றுப் பிழைக்கும் வால்வுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. விண்டோஸ் 8 ஒரு பேரழிவு என்றே சொன்னார் அதன் தலைவர் கேப் நியூவெல். 2015-ல் லினக்ஸில் ஓடும் 'ஸ்டீம் மெஷின்' பெட்டிகள் கடைக்கு வந்தன. படம் ஊத்திக்கிச்சு! ஆள் இல்லாத லினக்ஸுக்கு யார் கேம் எழுதுவாங்க? கேம் இல்லாத லினக்ஸுக்கு எந்த ஆள் வருவான்?

இந்த முடிச்சை அவிழ்த்தது 2018 ஆகஸ்டில் வந்த புரோட்டான். 'விண்டோஸ் கேமை அப்படியே கொடு, நான் பார்த்துக்கறேன்' என்கிற சாஃப்ட்வேர். 1993-ல் தொடங்கிய வைன்தான் இதன் அஸ்திவாரம் (குடிக்கிற சமாசாரம் இல்லீங்க!). கேம், டைரக்ட்எக்ஸ் பாஷையில் 'இங்கே ஒரு சுவர் போடு, அங்கே வெளிச்சம் அடி' என்று கேட்கும். டி.எக்ஸ்.வி.கே. என்ற மொழிபெயர்ப்பாளர் அதை வல்கன் பாஷைக்கு மாற்றி கிராஃபிக்ஸ் சிப்பிடம் சொல்வார். முழு கம்ப்யூட்டரையும் போலியாக உருவாக்கி ஓட்டுவதில்லை என்பதால், வேகம் பெரிசா அடிபடாது.

2025 மே மாதம் லெனோவோவும் 'லீஜியன் கோ எஸ்' கருவியை ஸ்டீம் ஓ.எஸ்ஸோடு விற்க ஆரம்பித்தது. அதே வருஷம் அக்டோபர் கணக்குப்படி, ஸ்டீமில் லினக்ஸ் ஆசாமிகள் 3 சதவிகிதத்தைத் தாண்டினார்கள். இவ்ளோதானா என்று உதட்டைப் பிதுக்காதீங்க. பல வருஷம் 1 சதவிகிதத்தை ஒட்டியே தவழ்ந்த கூட்டம் அது!

வில்லன் இல்லாமலா? இருக்கார்... ஆன்ட்டி-சீட். ஆன்லைன் ஆட்டத்தில் தில்லுமுல்லு பிடிக்கிற போலீஸ். 2021-லேயே ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ ரெண்டும் புரோட்டானுக்கு வழிவிட்டாச்சு. ஆனால், கதவைத் திறப்பது கேம் கம்பெனியின் இஷ்டம். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபரில், லினக்ஸ் வழியாக ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லி, திறந்த கதவையே சாத்திவிட்டது. நேர்மையா ஆடினவனுக்கும் சேர்த்துத்தான் பூட்டு. இது அநியாயம் என்பேன் நான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சு போச்சு. 11-ஐ ஏற்க மறுக்கிற பழைய லேப்டாப் உங்க கையில் இருந்தால், ஸ்டீம் டெக் வாங்கக்கூட வேண்டாம். ஏதாவது ஒரு லினக்ஸைப் போட்டு, ஸ்டீமை இறக்கினால் புரோட்டான் தானா வரும். அதுக்கு முன்னாடி புரோட்டான்டிபி தளத்தில் உங்க கேம் பெயரைப் போட்டுப் பாருங்க. ராத்திரி ரூம்மேட்டோட வேலரன்ட் ஆடுற ஆளா? விண்டோஸ் பார்ட்டிஷன்ல மட்டும் கை வெச்சிடாதீங்க சாமி!