ஒரே வயது, ஒரே தொழில், மூன்று பதில்



இந்த இதழின் நடுப்பக்கத்தில் கடல் தொழில் பற்றி ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அதை அச்சுக்கு அனுப்பும் நேரத்தில், நம் இதழின் நெடுநாள் வாசகரான பொறியாளர் தம்பி ஒருவர் ஒரு யோசனையோடு வந்தார். ஊர் ஊராகத் தாள் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். வயது, ஆணா பெண்ணா, படிப்பு, தொழில், ஊர் ஆகியவற்றைக் கொடுத்தால் ஆயிரம் பேரின் பதில்களைக் கணினியிலேயே எடுத்துவிடலாம் என்றார். செய்தும் காட்டினார். 'வயது 45, ஆண், எட்டாம் வகுப்பு, மீனவர், ராமேஸ்வரம்' என்று கொடுத்து, மீன்பிடித் தடைக்காலம் அவசியமா என்று கேட்டார். நொடியில் பதில் வந்தது: மீன்வளம் பெருகத் தடை வேண்டும், நிவாரணத்தையும் உயர்த்த வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அது யாருடைய பதில் என்ற கேள்விதான் என்னை விடவில்லை.

ஆளைக் கேட்காமலே பதிலைக் கணிக்கும் இந்த ஆசை பழையது. 1960 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சிமுல்மாட்டிக்ஸ் என்ற நிறுவனம் பழைய கருத்துக் கணிப்புகளைத் திரட்டி, வாக்காளர்களை 480 வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையும் எந்தப் பக்கம் சாயும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்து, கென்னடி தரப்புக்கு அறிக்கை கொடுத்தது. 2023-ல் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உண்மையான வாக்காளர்களின் விவரங்களை ஜிபிடி-3 என்ற மொழி மாதிரிக்குக் கொடுத்து, அவர்களாகவே இருந்து பதில் சொல்ல வைத்தார்கள். பல இடங்களில் பதில்கள் வியக்கும்படி ஒத்துப்போயின. அடுத்த ஆண்டே வேறொரு குழு அதன் மறுபக்கத்தைக் காட்டியது. சராசரி ஒத்துப்போகிறது, ஆனால் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாடு இயந்திரத்தின் பதில்களில் சுருங்கிவிடுகிறது.

நம் கரையில் அந்த வேறுபாடுதான் எல்லாமே. அந்த 45 வயது மீனவர் விசைப்படகு உரிமையாளர் என்று வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும், கடனுக்கு வட்டி ஓடும். அதே படகில் கூலிக்குப் போகிறவருக்குத் தடைக்கால நிவாரணம்தான் பேச்சு. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அது 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயரும் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டு மாதம் குடும்பம் நடத்த அது போதுமா என்று கேட்பார். நாட்டுப்படகுக்காரருக்கோ கடலுக்குப் போகத் தடையில்லை, மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலமும் அதுதான். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலைப் பங்குபோட்டுப் பிழைக்கிறவர் அவர். தடையை இன்னும் நீட்டுங்கள் என்பார். மூவருக்கும் வயது 45. மூவரும் எட்டாம் வகுப்பு. மூவரும் 'மீனவர்'. கணினிக்கு மூவரும் ஒரே ஆள்.

சின்னப்பாலத்திலும் சம்பையிலும் பாசி எடுக்கப் போகும் பெண்களை எந்தக் கட்டத்தில் போடுவது? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்த தீவோரங்களுக்கு அதன்பின் பயந்து பயந்துதான் போக வேண்டியிருக்கிறது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குகிறார்கள். பாசி மறுபடி வளரட்டும் என்று, மாதத்தில் இத்தனை நாள்தான் போவது என்று தாங்களே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டவர்கள். கடலைக் காப்பது பற்றி இவர்கள் சொல்லக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. அதில் எழுத்துக்கு வந்தது மிகக் கொஞ்சம். எழுதி வைத்ததைப் படித்தே பேசக் கற்ற இயந்திரம் இவர்களுக்காக எப்படிப் பேசும்?

கொஞ்சம் பேரைக் கேட்டு எல்லோரையும் கணிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை நம் மண்டபத்தைத்தான் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. கரை சேரும் மீனை மதிப்பிட அது வகுத்த முறையே, சில இறங்குதளம், சில நாள், சில படகு என்று தேர்ந்தெடுத்து, கரை முழுவதற்கும் கணக்கிடுவதுதான். அந்தச் சில படகுகளுக்காக ஓர் ஆள் மணலில் நின்று, வந்த மீனைக் கண்ணால் பார்த்துக் குறிக்கிறார். தம்பியின் கணக்கில் அந்த ஆள் இல்லை. ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் என்று தம்பி எடை போட்டதும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து. 2021-ல் எடுக்க வேண்டியது தள்ளிப்போனதே. அன்று பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இன்று வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள்.

ஆனாலும் அவர் உழைப்பு வீண்போகவில்லை. எந்தக் கேள்விக்குக் கணினியில் எல்லா வகையினரும் ஒரே பதிலைச் சொன்னார்களோ, அதை எடுத்துப் பார்த்தோம். சில கேள்விகள் நாங்களே பதிலை ஊட்டுவதுபோல் இருந்தன. அவற்றைத் திருத்தினோம். கேள்வித்தாளைச் சோதிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் வேலை. தொழில் என்ற இடத்தில் 'மீனவர்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். விசைப்படகா, நாட்டுப்படகா, கரைவலையா, சொந்தமா, கூலியா, பாசியா, கருவாடா என்று எழுதுங்கள். ஒரே வீட்டில் இரண்டு கருத்து இருந்தால் நகல் எடுத்து இரண்டு தாளாக அனுப்புங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, அப்பத்தாவுக்குப் பிள்ளைகள் எழுதிக்கொடுங்கள், அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல். ஏழாவது கேள்விக்கு நாங்கள் கட்டம் போடவில்லை, உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். பக்கம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம். அடுத்த இதழ் அச்சேறும் வரை வாங்கிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்