முதுமைக்கு ஒரு கணக்கு

மட்டக்களப்பு வாவியின் எக்கரையிலாயினும், எழுவான்கரையென்றாலும் படுவான்கரையென்றாலும், பெண்பிள்ளை பெற்ற தகப்பன் வீடு கட்டுகிறான் என்றால் அது பெரும்பாலும் தனக்கன்று. மூத்த மகளுக்கு மணமானதும் குடியிருந்த வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு பெற்றோர் மற்றப் பிள்ளைகளுடன் பெயர்வர். அடுத்தவளுக்கு மணமானால் அதுவும் கைமாறும். இவ்வாறு பெயர்ந்து பெயர்ந்து ஈற்றில் கடைக்குட்டி மகளின் வீட்டில் வந்து தங்குவர். அதற்கப்பால் பெயர்வதில்லை.

தாய்வழிக் குடிமரபு வேரூன்றிய இப்பிரதேசத்தில் மருமகனே பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறான். ஆதலால் தள்ளாத வயதிலே தாய் தன் வயிற்றிற் பிறந்த மகளின் கையாற் சோறுண்கிறாள். மாமி மருமகள் பூசலைப் பற்றிப் பிறவூரார் எழுதும் கதைகளை நம்மவர் சற்று வேடிக்கையாகவே வாசிப்பதற்கு இது காரணம் போலும். முக்குவர் சட்டம் எனப் பெயர்பெற்ற பழைய உரிமை முறை 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு ஏட்டளவில் நீங்கிற்று. வீடு மகளுக்கு என்னும் வழக்கம் மட்டும் நீங்கவில்லை.

இவ்வழக்கத்தை நாம் அன்பென்றும் கடமையென்றும் சொல்கிறோம். அது மெய்யே. எனினும் அதனுள்ளே ஓர் உடன்படிக்கையும் மறைந்து கிடக்கிறது. பெற்றோர் வீட்டைக் கொடுக்கிறார்கள்; அதற்கு ஈடாகக் கடைசி மூச்சு வரை பராமரிப்பை எதிர்பார்க்கிறார்கள். முதற்பாதியை நொத்தாரிசு முத்திரையிட்டு எழுதுகிறார். இரண்டாம் பாதியை எவரும் எழுதுவதில்லை.

வாவிக்கரை ஊரொன்றில் நாம் அறிந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவருக்கு மூன்று பெண்மக்கள். மூத்தவர் இருவருக்கும் வீடு கொடுத்தாயிற்று. கடைக்குட்டி கனடாவில் இருக்கிறாள். வீட்டைத் தன் பெயருக்கு எழுதிவிடும்படி கேட்கிறாள். பிள்ளையின் மீது அன்னாருக்கு ஐயமில்லை. எனினும் ஒருநாள் மாலை நம்மிடம் வந்து, "எழுதிக் கொடுப்பதில் எனக்குத் தடையில்லை, ஐயா. ஆனால் நான் படுக்கையில் விழுந்தால் கனடாவிலிருந்து அவள் எப்படி என்னைப் புரட்டிப் படுக்க வைப்பாள்?" என்றார். அக்கேள்வியே இவ்வாரக் கட்டுரைக்குக் காரணமாயிற்று.

இதே உடன்படிக்கையை அமெரிக்க தேசத்தில் பிள்ளைகளுக்குப் பதிலாக நிறுவனங்கள் எழுதிக்கொள்கின்றன. தொடர் பராமரிப்புக் குடியிருப்பு என்று அதனைச் சொல்லலாம். ஒரே வளவுக்குள்ளே நடமாட வல்லவர்களுக்குத் தனி வீடுகள். குளிக்கவும் உடுக்கவும் துணை வேண்டியவர்களுக்கு வேறொரு பகுதி. எழுந்திருக்க முடியாதவர்களுக்குத் தாதிமார் காவலிருக்கும் விடுதி. உடல் தளரத் தளர முதியவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்கிறார். நம் வளவில் வீடு மாறிய கதைதான். மகளுக்குப் பதிலாகத் தாதி நிற்கிறாள்.

அங்கே சேரும்போது ஒரு பெருந்தொகையும், பிறகு மாதந்தோறும் ஒரு தொகையும் செலுத்த வேண்டும். உடன்படிக்கை மூன்று விதம். முதலாவதில் நுழைவுத் தொகை மிகப் பெரிது. ஆனால் படுக்கையில் விழுந்த பின்னரும் மாதக் கட்டணம் ஏறக்குறைய அதேயளவில் நிற்கும். இரண்டாவதில் குறித்த நாட்களுக்கு மட்டும் அச்சலுகை உண்டு. மூன்றாவதில் நுழைவுத் தொகை குறைவு. பராமரிப்புக் கூடும்போதெல்லாம் கட்டணமும் கூடும்.

இவற்றுள் எது மலிவு என்பதை ஒரு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். தொகைகள் நாம் உதாரணத்துக்காக வைத்தவை. ஓர் இல்லம் சேரும்போது 15 இலட்சம் ரூபாவும் மாதம் 20,000 ரூபாவும் கேட்கிறது. மற்றொன்று முன்பணம் கேளாமல் மாதம் 35,000 கேட்கிறது. மாதம் 15,000 மிச்சம் என்று முதலாவதை நாடத் தோன்றும். ஆனால் அந்த 15 இலட்சத்தை வங்கியில் 8 வீத வட்டிக்கு இட்டிருந்தால் மாதம் 10,000 வந்திருக்கும். ஆகவே உண்மையான மிச்சம் 5,000 மட்டுமே. திரும்பி வராத 15 இலட்சத்தை மாதம் 5,000 வீதம் மீட்க 300 மாதங்கள், அதாவது 25 ஆண்டுகள் வேண்டும். எழுபது வயதில் சேருபவர் தொண்ணூற்றைந்து வயது வரை இருந்தாக வேண்டும்!

அப்படியானால் முன்பணம் கொடுப்பதே மடமையா? இல்லை. முன்பணத்தால் நாம் வாங்குவது இன்றைய அறையையன்று. நாளை படுக்கையில் விழும்போது கட்டணம் ஏறாது என்னும் வாக்கை. அவ்வாக்கு உடன்படிக்கையில் எழுத்தில் உண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இல்லையென்றால் பெருந்தொகை கொடுத்து ஓர் அறையை மட்டும் வாங்கியவர் ஆவோம்.

எழுத்தில் இருந்தாலும் போதாது. வாக்குக் கொடுப்பவர் அதைத் தாங்கவும் வேண்டும். கலிபோர்னியாவில் மெதடிஸ்த திருச்சபையோடு தொடர்புடைய பசிபிக் ஹோம்ஸ் என்னும் நிறுவனம், ஆயுட் காலப் பராமரிப்பைத் தருவதாக ஒரு விலை பேசிப் பலரைச் சேர்த்துக்கொண்டது. முதியோர் நெடுங்காலம் வாழ்ந்தனர், செலவும் ஏறிற்று. புதிதாகச் சேருவோரின் பணத்தைக் கொண்டு பழையவர்களைப் பராமரிக்கும் நிலைக்கு வந்து, 1977இல் அந்நிறுவனம் வங்குரோத்தாயிற்று. தம் சேமிப்பைக் கொடுத்தவர்கள் நீதிமன்றப் படியேற நேர்ந்தது.

இலங்கையருக்கு விலையேற்றத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி ஓராண்டு விலையேற்றம் 69.8 வீதம். அடுத்த மாதமே, அறுபது கடந்தோரின் வைப்புக்கு வழங்கப்பட்ட 15 வீத விசேட வட்டியும் நின்றது. 10 இலட்சத்துக்கு மாதம் 12,500 ரூபா வாங்கி மருந்தும் மீனும் வாங்கியவர்கள் அன்று கலங்கியதை நாம் கண்டோம். வருமானம் குறைந்து கட்டணம் ஏறும் காலமொன்று வரக்கூடும் என்பதை எந்தக் கணக்கிலும் சேர்த்தே ஆகவேண்டும்.

தமிழ்நாட்டிலே கோயம்புத்தூரைச் சுற்றி இத்தகைய முதியோர் குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. வீட்டை விலைக்கோ வாடகைக்கோ பெற்று, பொதுச் சமையற்கூடத்தில் உண்டு, மாதப் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவது வழக்கம். இந்திய அரசு 2019இல் இவற்றுக்கென மாதிரி வழிகாட்டு விதிகளையும் வெளியிட்டது. சொந்தக்காரர் அங்கிருப்பதால் போய்ச் சேரலாமா என்று யோசிப்போரும் முதலில் அதே கேள்வியைக் கேட்கட்டும்: நடக்க முடியாமற் போனால் யார் பார்ப்பது, எவ்வளவு?

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். இங்குப் பெரும்பாலோர் விரும்புவது சொந்த வளவிலேயே ஆளமர்த்திக்கொள்வது. அதன் செலவைப் பணத்திற் கணக்கிடுமுன் மணித்தியாலத்திற் கணக்கிடுதல் நன்று. ஒரு வாரத்துக்கு 168 மணித்தியாலங்கள். குளிக்க வார்க்கவும் மருந்து எடுத்துக் கொடுக்கவும் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் போதுமெனில் வாரம் 14. அயலிலிருக்கும் மகளோ பேத்தியோ செய்துவிடலாம். மறதி நோய் வந்து அடுப்பை அணைக்க மறக்கும் நிலையில் பகல் முழுவதும் ஒருவர் வேண்டும். எழுந்திருக்க முடியாதபோது 168 மணித்தியாலமும் வேண்டும். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை ஆள் மாறினால் வாரத்துக்கு 21 முறை. வீட்டோடு தங்கும் ஒரு பெண் இதனைத் தனியே செய்வாள் என்று நினைப்பது அவளுக்கும் தீங்கு, முதியவருக்கும் தீங்கு. சம்பளத்தோடு அவளுக்கு உணவு, படுக்கை, லீவு நாளில் நிற்க மாற்றாள் ஆகியவற்றையும், படுக்கைப் புண் வராதிருக்கக் காற்று மெத்தை போன்ற பொருட்களையும் சேர்த்துக் கூட்டினாற்றான் உண்மைத் தொகை தெரியும்.

அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பது நமக்குப் பெரும் பாக்கியம். ஆயினும் அது நோய்க்கு, தள்ளாமைக்கு அன்று. நோய் தணிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவர். தவிர, போய்ச் சேரும் வழியும் செலவுக் கணக்கில் ஒன்று. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் அத்துறையில் படகுக்குக் காத்திருந்தனர். இன்று பாலம் உண்டு. நள்ளிரவில் வாகனம் தருபவர் யார் என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

வறிய முதியோருக்கு அரசு வழங்கும் மாதக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3,000இலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மருந்துக்கு உதவும், ஆளமர்த்த உதவாது.

முதியோர் இல்லத்தை நாடுவோர், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது பதிவானதா என்று பிரதேச செயலகத்தில் விசாரித்தல் வேண்டும். தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பெறுவதற்கு விண்ணப்பிக்க ஒரு சபையையும் அச்சட்டம் ஏற்படுத்தியிருக்கிறது. பெற்ற பிள்ளைமீது மனுவா என்று நம்மவர் கூசுவர். அக்கூச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் கூச்சம் சோறு போடாது.

கொடுத்த வீட்டை மீட்பது இன்னும் கடினம். இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பை நிபந்தனையாக வைத்து எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிப்புத் தவறினால் ஒரு தீர்ப்பாயத்தின் மூலம் மீட்க இடந்தருகிறது. இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மீளப்பெற முடியாததென எழுதப்பட்ட நன்கொடை உறுதியைப் பெரும் நன்றிகேட்டைக் காட்டி நீக்குவதாயின் நீதிமன்றக் கட்டளை வேண்டும். எண்பது வயதில் யார் நீதிமன்றம் ஏறி இறங்குவது? அதனினும் எழுதும்போதே சீவிய உரித்தை வைத்துக்கொள்வது எளிது. வீடு பிள்ளையின் பெயருக்குப் போகும். சாகும்வரை குடியிருக்கவும், அவ்வுரித்தின்படி வாடகை பெறவும் பெற்றோருக்கு உரிமை நிற்கும்.

நம் ஆசிரியர் அவ்வாறே எழுதச் சொல்லி நொத்தாரிசிடமிருந்து ஒரு வரைவை வாங்கி வந்தார். அன்னாரின் மனைவியார் அதை வாங்கிக் கண்ணாடி அணிந்து இருமுறை வாசித்தார். சீவிய உரித்துக் கணவருடைய பெயருக்கு மட்டுமே இருந்தது. அவர் கணவரைவிட ஆறு வயது இளையவர்.

"உங்களுக்குப் பிறகு நான் எங்கே இருப்பது?" என்று மெல்லக் கேட்டார்.

ஆசிரியர் மறுநாளே அந்த வரைவை எடுத்துக்கொண்டு மீண்டும் நொத்தாரிசிடம் போனார். இப்போது அதில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன.