பேதிக் குளிசையைப் பறித்தால் போதுமா?

யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு காலத்தில் பாடசாலை விடுமுறை வந்தால் பேதிக்குக் கொடுக்கும் நாளும் கூடவே வரும். விடியற்காலையில் வெறுவயிற்றில் ஆமணக்கெண்ணெய், மதியம் இரசமும் சோறும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து என்பது சித்த மருத்துவம் வகுத்த ஒழுங்கு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, வீட்டிலுள்ள பெண்பிள்ளை அடிக்கடி பேதிக் குளிசை விழுங்குவது பிழையாகத் தோன்றுவதில்லை. மெலிய வேண்டும் என்ற எண்ணம் நோயாக முற்றி, உண்டதை வெளியேற்றவே அவள் அதை விழுங்குகிறாள் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. (ஆண்பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர்.)

உண்மையில் அவள் நினைப்பது நடப்பதுமில்லை. உணவின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நிலாவாகையிலிருந்து எடுக்கும் சென்னாவும் பிசகோடைலும் தூண்டுவது பெருங்குடலை. 1983இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், லீற்றர் கணக்கில் வயிற்றோட்டம் ஏற்பட்டபோதும் உடலில் சேரும் கலோரி ஏறக்குறைய 12 வீதமே குறைந்தது. தராசில் குறைவது நீர். அதனுடன் பொட்டாசியமும் போய்விடுவதால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

குளிசையை நிறுத்தும்போதுதான் பெரிய சோதனை. நீரை இழந்து பழகிய உடல், நிறுத்தியவுடன் உப்பையும் நீரையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். கால் வீங்கும், மலம் இறுகும், சில நாள்களிலேயே எடை ஏறும். அதைக் கொழுப்பென்று நம்பி நடுங்கும் பிள்ளை மீண்டும் குளிசையைத் தேடுவாள். ஆகவே பெட்டியைப் பறித்து எறிவது பெற்றோரின் கோபத்தைத் தணிக்குமேயன்றிச் சிகிச்சையாகாது. இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவைப் பார்த்து, தூண்டும் மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்தி, தேவையானால் மலத்தை இளக்கும் லக்டுலோஸ் போன்ற மருந்தைக் கொடுக்க வேண்டும். வீக்கம் வரும், சில வாரங்களில் வடியும் என்பதை முன்கூட்டியே அவளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அந்த வாரங்களில் வீட்டார் அவளுடைய எடையைப் பற்றி வாய் திறக்காதிருப்பதும் மருந்துதான்.

ஆனால் மூலநோய் மனத்தில் இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உண்டு. போரின் காயத்துக்கு அங்கே போவதை ஓரளவு ஏற்றுக்கொண்ட சமூகம், சோற்றுக்கு அஞ்சும் பிள்ளையை மட்டும் 'அடம்பிடிக்கிறாள்' என்று வீட்டிலேயே வைத்துக்கொள்கிறது.

பிரித்தானியாவில் 2020இல், பொதுக் கடைகளில் விற்கும் இவ்வகை மருந்துகளின் பெட்டியைச் சிறிதாக்கி, அவற்றை 18 வயதானவர்களுக்கு மட்டுமென வரையறுத்தார்கள். நம்மூர்ப் பாமசிக்காரரிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. ஒரே பிள்ளை ஒரு மாதத்தில் நாலாம் தடவையும் அதே குளிசைக்கு வந்து நின்றால், "யாருக்கம்மா இது?" என்று அன்பாக ஒரு வார்த்தை கேளுங்கள்.