கடுகும் பூசணிக்காயும்

உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பிரயாணிகளுக்கு இனி மாமிச உணவு கிடையாது என்று ஏர் இந்தியா நிர்வாகம் 2017-ல் செய்த தீர்மானத்துக்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன: உணவு வீணாவது குறையுமாம், செலவு மிச்சப்படுமாம், சைவம் கேட்டவரிடம் அசைவத் தட்டு போய்ச் சேரும் குழப்பமும் ஒழியுமாம். இவற்றில் ஒன்றேனும் விசாரணைக்கு நிற்காது.

மிச்சமாகும் தொகை ஆண்டுக்கு 8 முதல் 10 கோடி ரூபாய் என்றார்கள். ஸ்தாபனத்தின் கடனோ அப்போது 50,000 கோடிக்கு மேல். வட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், கோழிக்கறியை நிறுத்திச் சேர்க்கும் காசைக் கொண்டு இந்தக் கடனை அடைக்கக் குறைந்தது 5,000 ஆண்டுகள் ஆகியிருக்கும். கடுகு போன இடத்தை ஆராய்பவர்களுக்குப் பூசணிக்காய் போன இடம் தெரிவதில்லை.

குழப்பத்தைத் தவிர்ப்பதே நோக்கமென்றால், திரைக்கு முன்னால் உயர்வகுப்பில் அமர்ந்திருந்தோருக்கு மட்டும் அசைவம் வழக்கம்போல் வந்தது ஏன்? தட்டு மாறிப் போவது திரைக்குப் பின்னால் மாத்திரம் நேர்கிற விபத்தா?

மலிவு விமானங்களோடு போட்டியிடுவதற்கு இதுதான் வழி என்று நினைத்திருந்தால், போட்டியாளர் எதனால் ஜெயிக்கிறார் என்பதையே இவர்கள் கவனிக்கவில்லை. 2006-ல் பறக்கத் தொடங்கிய இண்டிகோ, ஒரே ரக ஏர்பஸ் விமானங்களைக் கொண்டு, தரையிறங்கியதை அரைமணி நேரத்துக்குள் மறுபடியும் கிளப்பி, ஒவ்வொன்றையும் நாள் முழுதும் ஆகாயத்திலேயே வைத்திருந்து லாபம் கண்டது. இலவச உணவு தராதது அதன் சிக்கனத்தில் கடைசி அம்சம். அங்கேகூடப் பசித்தவர் காசு கொடுத்துக் கோழி சாண்ட்விச் வாங்கித் தின்ன முடிந்தது. பெரும்பாலும் இண்டிகோவைவிடக் கூடுதலாகக் கட்டணம் வாங்கிய, மகாராஜாவைச் சின்னமாகக் கொண்ட ஏர் இந்தியாவில், காசு கொடுத்தாலும் அது கிடைக்காமற்போயிற்று! சென்னையிலிருந்து தில்லி செல்கிறவரிடம் பணிப்பெண் வண்டியைத் தள்ளி வந்து, "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" என்று கேட்டு, சூடு பறக்கும் தட்டை நீட்டுகிற அந்த உபசாரம்தான் இரு வகை ஸ்தாபனங்களுக்கும் இடையே மிஞ்சியிருந்த சொற்ப வித்தியாசம். பிரயாணிகளோடு பிரயாணியாக அமர்ந்து, தேநீரின் நிறம் சரியில்லை என்பதைக்கூடக் குறிப்பெழுதி அனுப்பிய ஜே.ஆர்.டி. டாட்டா 1978 வரை தலைமை வகித்த ஸ்தாபனம் இது என்பதை நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

இந்தச் சிக்கன புத்தி முன்பு எங்கே போயிருந்தது? 111 விமானங்களை ஏறத்தாழ முழுவதும் கடனை நம்பியே வாங்கத் துணிந்தார்களே, அப்போது கையைப் பிடித்தவர் யார்? கணக்குத் தணிக்கை அறிக்கை 2011-ல் கண்டித்த பிறகாவது யாரேனும் பதில் சொன்னார்களா? இந்தியன் ஏர்லைன்ஸையும் ஏர் இந்தியாவையும் 2007-ல் ஒன்றாக இணைத்தார்கள்; டிக்கெட் முன்பதிவு ஒரே முறைக்கு வரவே 2011 ஆயிற்று. சம்பளமும் பதவி உயர்வும் சமரசமாகாமல், 2012-ல் விமானிகள் ஏறக்குறைய இரண்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டில் பொதுஜனங்களின் வரிப்பணத்திலிருந்து 30,000 கோடிக்கு மேல் தருவதாக சர்க்கார் வாக்களித்தது. ஆசையாக வாங்கிய நெடுந்தூர போயிங் 777 விமானங்களில் ஐந்தைச் சில ஆண்டுகளுக்குள்ளேயே எதிஹாத் விமான ஸ்தாபனத்துக்கு விற்றதும் இவர்களுடைய விவேகமே. இத்தனைக்கும் பொறுப்பானவர்களில் ஒருவர்கூட ஒரு வேளை உணவையும் இழக்கவில்லை. இழந்தவர் சாதாரண வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்.

பங்குகளை விற்கக் கொள்கையளவில் மந்திரிசபை 2017-ல் இசைந்த அந்த வேளையிலாவது, தொழில் அறிந்தவர்களிடம் அதிகாரத்தையும் பொறுப்பையும் ஒருங்கே ஒப்படைத்து, ஸ்தாபனத்தின் மானத்தைக் காக்கத் தக்க ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும். தட்டிலிருந்து கோழித் துண்டை எடுக்கக் கை நீட்டியவர்கள், முதலில் அந்த 111 விமானங்களுக்குக் கணக்குச் சொல்லியிருக்க வேண்டும்.