பாட்டுக்குக் கூலி, படைப்புக்கு வழி
குறுங்காணொளி எடுப்போரின் கொள்கைப் பிரகடனம்

நாங்கள் ரீல்ஸும் ஷார்ட்ஸும் எடுப்பவர்கள். எங்களில் தையற்கடைக்காரர் உண்டு, பிரியாணிக் கடைக்காரர் உண்டு, கல்யாண வீட்டு வீடியோகாரரும் உண்டு. பாட்டு இல்லாமல் எங்கள் காணொளி ஓடாது. அந்தப் பாட்டோ எங்களுடையது அல்ல.

ஆரி வேலை முடித்த ஜாக்கெட்டை அக்கா ஒருவர் அரை நிமிடத்தில் காட்டுகிறார். சொந்தக் கணக்கில் கிடைத்த சினிமாப் பாட்டு, வணிகக் கணக்குக்கு மாறியதும் பட்டியலில் இல்லை. வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டினால் ஒலி அடைபடுகிறது. காசு கொடுத்தே வாங்கலாம் என்றால் யாரிடம் போவது? வரி ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது, ஒலிப்பதிவு ஆடியோ நிறுவனத்துடையது.

ஆகவே பிரகடனம் செய்கிறோம்:

1. பாட்டு கட்டியவருக்குக் கூலி சேர வேண்டும். கவிஞரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றது பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம். அந்தப் பங்கில் நாங்கள் கைவைக்க மாட்டோம்.

2. "பதினைந்து விநாடிதானே", "நன்றி போட்டுவிட்டோமே" என்ற சால்ஜாப்புகளை விட்டொழிப்போம். இத்தனை விநாடி இலவசம் என்று 1957 பதிப்புரிமைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

3. விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் எடுத்தாள அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. பாட்டை அலசும் காணொளியையும் திருட்டையும் காணொளித் தளத்தின் இயந்திரத்தால் பிரித்தறிய முடியாது. நீக்குமுன் ஒரு மனிதர் பார்க்க வேண்டும்.

4. வானொலியும் தொலைக்காட்சியும் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் கட்டி ஒலிபரப்ப அதே சட்டத்தில் 31டி பிரிவு உண்டு. குறுங்காணொளிக்கும் அப்படியொரு உரிமம், ஒற்றைச் சாளர முறையில் வேண்டும். தள்ளுவண்டிக்காரருக்கும் பெரிய விளம்பரதாரருக்கும் ஒரே கட்டணம் கூடாது.

5. கட்டிய பணத்தில் யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு பொதுவில் வைக்கப்பட வேண்டும்.

பாரதி பாடல்களின் உரிமையும் ஒருகாலத்தில் தனியார் கையில் இருந்தது. கிளர்ச்சி எழுந்தது, 1949இல் சென்னை மாகாண அரசு அதைப் பெற்றது, பின்னர் பொதுவுடைமை ஆக்கியது. பாரதி அப்போது மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்களுக்கு வேண்டிய பாட்டுகளைக் கட்டியவர்களில் பலர் இன்றும் வாழ்கிறார்கள். அதனால் இலவசம் கேட்கவில்லை, கட்டுப்படியாகும் விலையைக் கேட்கிறோம்.

அது கிடைக்கும்வரை, உள்ளூர்க் கலைஞரின் பறையையும் நாயனத்தையும் பதிவு செய்து, கூலியை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துப் பயன்படுத்துவோம். இதற்கு ஒப்புவோர் எவரும் கையெழுத்திட்டு எங்களோடு சேரலாம்.