கொலம்பியாவில் படித்தார், கல்லுப்பட்டியில் வாழ்ந்தார்

சமயநல்லூர்ப் பக்கம் பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவது இன்று வசதி படைத்த வீட்டுச் சமாச்சாரம் மட்டுமல்ல. மதுரைக்குப் பஸ் ஏறி ஐ.இ.எல்.டி.எஸ். வகுப்புக்குப் போகிறார்கள், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பெற்றோர் கல்விக் கடன் வாங்குகிறார்கள். டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு கேள்விகளில் முடிந்துவிடும். எந்த நாடு? படிச்சு முடிச்சா அங்கேயே வேலை கிடைக்குமா? அந்தப் பிள்ளை அங்கே எப்படிப்பட்ட மனிதராக வளரப்போகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டாக வேண்டும். அதற்குச் சான்று நம் மதுரை மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஜே.சி.குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். இளம் வயதில் லண்டன் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். ஊர் திரும்பியபோது உடையிலும் பழக்கத்திலும் முழு ஆங்கிலேயராகவே இருந்தார். பம்பாயில் தணிக்கைத் தொழில், நல்ல வருமானம். அத்தனை ஆண்டு லண்டன் வாழ்க்கை அவரைத் தன் நாட்டின் பக்கம் திருப்பவில்லை.

திருப்பியது நியூயார்க். 1920களின் கடைசியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதி படித்தார். அம்பேத்கருக்கும் ஆசிரியராக இருந்தவர் செலிக்மன். இந்தியாவின் வறுமை பற்றிக் குமரப்பா ஒரு தேவாலயத்தில் பேசிய செய்தி பத்திரிகையில் வர, அதையே ஆய்வாக எழுதச் சொன்னார் செலிக்மன். தணிக்கையாளரின் கண்ணோடு அரசின் வரவு செலவைப் புரட்டிய குமரப்பாவுக்கு, குடியானவரிடம் வாங்கும் வரி எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

அந்த ஆய்வோடு 1929 மே மாதம் சபர்மதி போனார். சாணம் மெழுகிய தரையில், மரத்தடியில் ஒரு பெரியவர் நூற்றுக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி. மடிப்புக் கலையாத கால்சட்டையோடு குமரப்பா அந்தத் தரையிலேயே உட்கார்ந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். பிறகு குஜராத்தின் மாத்தர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதாரத்தை ஆராய்ந்தார். 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். கடைசிக் காலத்தில் அவர் வந்து தங்கிய ஊர் நம் தே.கல்லுப்பட்டி. 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் காலமானார்.

ஒரே மனிதர்தான். லண்டன் அவருக்குத் தொழிலையும் தோரணையையும் கொடுத்தது. நியூயார்க்கோ அவர் ஊரையே அவருக்குக் காட்டியது. இரண்டாவதில் ஓர் ஆசிரியர் கேள்வி கேட்டார், இவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். விமானம் ஏறுவதாலேயே யாரும் பக்குவப்படுவதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்று போகிற பிள்ளைகள் பலர் நம் ஊர்க்காரர்களோடே அறை எடுத்து, நம் சாப்பாட்டையே சமைத்து, வகுப்பு விட்டால் பகுதி நேர வேலை என்று நாளை ஓட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தலைக்கு மேல் கடன் இருக்கும்போது அக்கம்பக்கத்தாரோடு பழக நேரம் ஏது? அந்த அவசரத்தில் பாதியை இங்கிருந்து நாம்தான் ஏற்றிவிடுகிறோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளை போனில் வரும்போது வேலை விஷயத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அங்கே ஊராட்சி எப்படி நடக்கிறது, குப்பையை என்ன செய்கிறார்கள், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.